பாதிச் சத்தம்

வெள்ளாம்படுகையில் எந்தத் தகராறு வந்தாலும் கடைசியில் பாதிக்குப் பாதி என்றுதான் முடியும். ஒரே மடைத் தண்ணீருக்கு இரண்டு வயல்காரர்கள் மல்லுக்கு நின்றால் ஆளுக்குப் பாதி நேரம். அண்ணனும் தம்பியும் பொதுச் சுவரில் முட்டிக்கொண்டால் நடுவில் கயிறு பிடித்து ஆளுக்குப் பாதிச் சுவர். "பாதி விட்டுக்குடுக்கறவன் மனுஷன், மீதியையும் கேக்கறவன் ராட்சசன்" என்பது நாட்டாமை வைத்தியலிங்கம் வாயில் அடிக்கடி வரும் வாக்கு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, ஆறு கடலைத் தேடித் தளர்ந்து நடக்கிற கடைமடை ஊர் அது. தண்ணீர் வந்த வருஷமும் வராத வருஷமும் அந்தப் பாதிதான் ஊரில் வெட்டுக்குத்து வராமல் காத்தது.

சத்தத்தையும் அவர்கள் தண்ணீர் மாதிரியே பங்கு வைத்தார்கள். அதில்தான் வந்தது வினை.

மாரியம்மன் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவன் முத்துப்பேட்டை அஸார். அவன் அத்தா காலத்திலிருந்தே அந்தக் கோயிலுக்கு அவர்கள் செட்டுதான். அஸார் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவன். வெளியூருக்கு வேலைக்குப் போகாமல் அத்தாவின் தொழிலையே எடுத்துக்கொண்டான். சாமான் இறக்கும் நாளில் "பாய் வந்தாச்சு, இனிமே ஆத்தா வந்த மாதிரிதான்" என்று பெண்கள் சொல்வார்கள். கஞ்சி வார்க்கும்போது முதல் செம்பு அவன் கைக்குத்தான் வரும். தெற்குத் தெருவின் பின்புறம் ஊர்த் தண்ணீர் டேங்க் இருக்கிறது. அதன் உச்சியில் திசைக்கு இரண்டாக எட்டுக் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிவிட்டால் பக்கத்து ஊர் கரைமேடு வரைக்கும் பாட்டு போய்ச் சேரும். கரைமேட்டுக்குக் கேட்காத திருவிழா வெள்ளாம்படுகைக்குத் திருவிழாவே அல்ல.

அந்த வருஷம் காப்புக் கட்டிய இரண்டாம் நாள், வைரக்கண்ணுவைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டு, ஆபரேஷன் ஆகியிருந்தது. "இனிமே மருந்தைவிடத் தூக்கம்தான் முக்கியம். தூக்கம் கெட்டா வலிப்பு வரும். வலிப்பு வந்தா தாங்க மாட்டார்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். வைரக்கண்ணுவின் வீடு அந்தத் தண்ணீர் டேங்குக்கு நேர் கீழே, தெற்குத் தெருவில், கோயில் பந்தலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்.

வேறு ஊருக்கு மாற்றலாம் என்று மகள் பிரதீபா சொன்னாள். பட்டுக்கோட்டையில் அத்தை வீடு இருந்தது. ஆனால் காப்புக் கட்டிவிட்டால் ஊரார் எல்லை தாண்டி இரவு தங்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. வெளியே இருந்தவன் உள்ளே வரலாம், உள்ளே வந்தவன் திருவிழா முடியாமல் வெளியே போகக்கூடாது. வைரக்கண்ணுவின் மனைவி ரெங்கம்மாள் அந்த அம்மனைத் தவிர வேறு யாரிடமும் எதுவும் கேட்டறியாதவள். "ஆத்தாதான் உசுரோட அனுப்பியிருக்கா. அவ எல்லையை மீறிட்டு எங்கடி கொண்டு போறது?" என்று சொல்லிவிட்டாள்.

பிரதீபா தஞ்சாவூரில் ஒரு காது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களுக்கு எவ்வளவு மெல்லிய சத்தம் வரைக்கும் கேட்கிறது என்று கருவி வைத்துச் சோதிப்பதுதான் அவள் வேலை. அவள் நேராகக் கோயில் பந்தலுக்கு வந்து நாட்டாமை முன்னால் நின்றபோது, அஸார் ஓரத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா, நிறுத்தச் சொல்லி வரலை. கொறைக்கத்தான் கேக்கறேன். அப்பா சேந்தாப்புல ஒரு மணி நேரம்கூடத் தூங்கலை."

"எவ்வளவு கொறைக்கணும்?"

"காதுக்குப் பாதியாத் தெரிஞ்சாக்கூடப் போதும்."

"இவ்வளவுதானே? பாதி கேட்டே, பாதி குடுத்தாச்சு. எட்டுக் குழாய்ல நாலைக் கழட்டச் சொல்றேன். போய் அப்பனைப் பாரு."

பந்தலில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். இவ்வளவு சுளுவாக நாட்டாமை இறங்கி வந்தது அவர்களுக்கே ஆச்சரியம். பிரதீபா போகவில்லை.

"நாலைக் கழட்டினா பாதி ஆகாது பெரியப்பா."

"எட்டுல நாலு போனா பாதி. தஞ்சாவூர்ல அதுக்கு வேற பேரா?"

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"சத்தத்தை டெசிபல்னு ஒரு கணக்குல அளப்பாங்க. அது மரக்கால் போட்டு நெல்லு அளக்கற மாதிரி ஒண்ணு, ரெண்டுன்னு ஏறாது. பத்து பத்தாப் பெருக்கிப் பெருக்கி ஏறும். பத்து டெசிபல் கூடினா சக்தி பத்து மடங்கு, இருபது கூடினா நூறு மடங்கு. நம்ம காதும் அப்படித்தான் கேக்குது. நாலு குழாயைக் கழட்டினா வெறும் மூணு டெசிபல்தான் கொறையும். தூங்கறவருக்கு அது ஒரு கொறைவே இல்ல. காதுக்குப் பாதியாத் தெரியணும்னா பத்து டெசிபல் கொறையணும். அதுக்கு இப்ப இருக்கறதுல பத்துல ஒரு பங்குதான் மிச்சம் இருக்கணும்."

"எட்டுல பத்துல ஒண்ணுன்னா எவ்வளவு வருதுடா?" என்று நாட்டாமை ஒரு இளவட்டத்தைக் கேட்டார்.

அவன் போனில் தட்டிப் பார்த்தான். "முக்கால் குழாய் வருது மாமா."

"அப்ப ஆசாரியைக் கூப்பிடு. குழாயை அறுத்துக் குடுக்கட்டும்."

இப்போது பந்தலே குலுங்கியது. பக்கத்து வீட்டு நாகம்மாளும் அங்கேதான் இருந்தாள். மகள் வயிற்றுப் பேரனுக்காகப் பூக்குழி இறங்க வேண்டிக்கொண்டு மஞ்சள் காப்புக் கட்டியிருந்தவள். "நாங்களும் அதே டேங்குக்கு அடியிலதான் படுக்கறோம். எங்க காது என்ன தகரமா? ஆத்தா பாட்டு கேட்டு யாரும் செத்ததில்ல" என்றாள்.

"பாத்தீங்களா? பாதின்னு வந்தவ, பத்துல ஒம்பதைக் கேக்கறா" என்றார் நாட்டாமை. பிறகு திரும்பினார். "பாய், நீ இதுக்குன்னே படிச்சவன். நீயே சொல்லு. நாலைக் கழட்டினா பாதி கொறையுமா, கொறையாதா?"

எல்லாக் கண்களும் அஸார்மேல் விழுந்தன. பிரதீபாவின் கண்களும்தான். அவள் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் சரி என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் வெளியூர்க்காரன், வேறு வழிபாட்டுக்காரன். அம்மன் பாட்டைக் குறை என்று அவன் வாயிலிருந்து வந்தால் அது எங்கே போய் முடியும் என்றும் அவனுக்குத் தெரியும்.

"வாட்ஸ் கணக்குல பாதி கொறையுங்க" என்றான்.

அது பொய் இல்லை. அனுப்புகிற சக்தி பாதியாகத்தான் போகும். கேட்கிற காதுக்கு அது பாதியாகாது என்ற அடுத்த வாக்கியத்தை அவன் விழுங்கிவிட்டான். உண்மையையும் பாதியாக அறுக்கலாம், அறுத்த பாதி பொய்யைவிட நன்றாக வெட்டும் என்பதை அந்த மத்தியானம்தான் அவன் கண்டான்.

"கேட்டியா?" என்றார் நாட்டாமை. பிரதீபா வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நாலு குழாய்களைக் கழற்றி இறக்கிவிட்டு, சத்தம் அளக்கும் கையடக்கக் கருவியோடு அஸார் அவர்கள் வீட்டுக்குப் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே விளங்கவில்லை. வாசலில் வைத்துப் பார்த்தான். எட்டுக் குழாய் பாடும்போது எண்பத்தெட்டு காட்டிய கருவி இப்போது எண்பத்தைந்து காட்டியது. உள்ளே வைரக்கண்ணு கண் திறந்தபடி கிடந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. பஞ்சின் மேல் ரெங்கம்மாள் தன் உள்ளங்கைகளைப் பொத்திக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"பாதி வந்து சேந்துடுச்சாண்ணே?" என்று பிரதீபா கேட்டாள். அவன் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ரெங்கம்மாள்தான் மகளை அதட்டினாள். "அவரு என்னடி செய்வாரு? வெயில்ல அம்மாம் உசரம் ஏறிக் கழட்டியிருக்காரு. மோர் குடு அவருக்கு." பொத்திய கைகளை எடுக்காமலே சொன்னாள்.

மோரைக் குடிக்காமலே செம்பைக் கீழே வைத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கருணைக்குத்தான் சில மனிதர்கள் பதில் சொல்லத் தெரியாமல் உடைந்து போகிறார்கள்.

அன்று சாயங்காலப் பூஜை முடிந்து பாட்டு மறுபடி ஆரம்பித்தபோது, அஸார் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரின் விசையை ஒரு டெசிபல் கீழே இழுத்தான். ஒரு டெசிபல் என்பது மனிதக் காது கண்டுகொள்ளாத அளவு. அந்தப் பாட்டு முடிந்ததும் இன்னொன்று. அடுத்ததில் இன்னொன்று. பாட்டுக்கு ஒன்றாகப் பத்துப் பாட்டில் பத்து. பந்தலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்களே தவிர, ஏன் தாழ்த்தினோம் என்று யாரும் யோசிக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் "இன்னிக்குக் காத்து நல்லாருக்கு, மனசுக்கு எதமா இருக்கு" என்றார். அஸார் இன்னும் இரண்டு இறக்கினான். பன்னிரண்டு. டேங்கின் மேல் நாலு குழாய்களும் பழைய சக்தியில் பதினாறில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மென்மையாகப் பாடின.

மறுநாளும் அதே அளவில் வைத்தான். மத்தியானம் பிரதீபா கொல்லைப் பக்கம் வந்து நின்று பந்தலைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். தூங்குகிறார். அஸார் பார்வையை ஒயர்களில் புதைத்துக்கொண்டான். இறைவன் சன்னிதியில் அதிகம் ஓதத் தெரியாதவன் அவன். அந்தச் சைகையை மட்டும் தன் கணக்கில் யாராவது எழுதிக்கொண்டால் போதும் என்றிருந்தது.

ஆனால் அவன் பக்கத்துக் காதுகளை மட்டுமே கணக்கில் வைத்திருந்தான். சத்தம் ஆறு டெசிபல் குறைந்தால் அது போய்ச் சேரும் தூரம் பாதியாகிவிடும். பன்னிரண்டு குறைந்தால் கால்வாசி. பந்தலில் இதமாக இருந்த பாட்டு நடு வயலிலேயே வலுவிழந்து, கரைமேட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டது.

தீமிதிக்கு முந்தின நாள் காலையில் நாட்டாமைக்குக் கரைமேட்டிலிருந்து அவருடைய மச்சான் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் நாட்டாமை பேசுவது வழக்கம்.

"என்ன மச்சான், இந்த வருஷம் திருவிழாவை வாட்ஸப்புலதான் நடத்தறீங்களா? ஒரு சத்தத்தையும் காணோம். ஆத்தாளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

நாட்டாமை போனை வைத்துவிட்டு நேராக மிக்ஸரிடம் வந்தார். விசை இருந்த இடத்தைப் பார்க்கப் படிப்பு தேவையில்லை. பாதிக்கும் கீழே கிடந்தது.

"இது என்ன?"

"அந்தப் பெரியவர் கொஞ்சம் தூங்கட்டும்னுதாங்க."

"ஆத்தா பாட்டு பாய்க்குக் கசக்குதோ என்னவோ" என்றான் பின்னால் நின்ற இளவட்டம். வருஷா வருஷம் அஸாரோடு சேர்ந்து ஒயர் இழுத்தவன் அவன். நாட்டாமை அவனை அதட்டுவார் என்று அஸார் காத்திருந்தான். அவர் அதட்டவில்லை.

"பேசி முடிச்சது பாதி. அதுக்கு மேல எடுத்துக் குடுக்க நீ யாரு? ஊர் சத்தம் உங்க அத்தா சொத்தா?"

"உசுர் விஷயங்க ஐயா."

"ஊர் மானமும் உசுர்தான். ஏறு. கழட்டின நாலையும் கட்டு. பாதியை மதிக்காதவங்களுக்குப் பாதியும் கெடையாது."

சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். கிளம்பினால் மத்தியானத்துக்குள் வேறு செட் வரும். அது இதைவிடப் பெரிதாக இருக்கும். ஏறிக் கட்டினான். மேலே இருந்து பார்த்தபோது கொல்லையில் பிரதீபா அண்ணாந்து நின்றாள். கையில் அப்பாவின் ஈரத்துணி. எந்தக் கையால் இறக்கினானோ அதே கையால் அவள் வீட்டுக் கூரையை நோக்கிக் குழாயைத் திருப்பி முடிச்சுப் போட்டான். அவள் கடைசி முடிச்சு வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

மிக்ஸருக்குப் பக்கத்தில் இளவட்டம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அன்று கஞ்சிச் செம்பு அஸாரைத் தாண்டிப் போனது. மறுநாள் பிற்பகல் வரை எட்டுக் குழாயும் ஓயவில்லை. இரவு வாணவேடிக்கை வேறு.

தீமிதியன்று வெயில் சாயத் தொடங்கிய நேரம். பிரதீபா வீட்டிலிருந்து தலைதெறிக்க ஓடுவதை அஸார் பந்தலிலிருந்து பார்த்தான். ஒரு காதில் போன், மறு காதைக் கையால் பொத்தியிருந்தாள். தெருவில் நின்று கத்திப் பார்த்தாள். பிறகு அறுத்த வயலுக்குள் இறங்கி, வாய்க்கால் கரையை நோக்கி ஓடினாள். வலிப்பு வந்த அப்பாவுக்காக அவள் அழைத்த ஆம்புலன்ஸ்காரர் பேசுவது அங்கே போனால்தான் அவளுக்குக் கேட்டது. அவள் பேசிவிட்டுத் திரும்பி ஓடி வருவதற்குள் வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது. ரெங்கம்மாளுக்குக் கணவனின் கடைசி மூச்சுக்கூடக் கேட்கவில்லை. நெஞ்சில் வைத்திருந்த கைதான் அதை அவளுக்குச் சொன்னது.

நாட்டாமை அந்த வீட்டுக்குள் போவதையும், சீக்கிரமே வெளியே வருவதையும் அஸார் பார்த்தான். சற்று நேரத்தில் பிரதீபா பந்தலுக்கு வந்தாள். இளவட்டம் பூக்குழிப் பக்கம் போயிருந்தான். அவள் அஸாரின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேச வேண்டியிருந்தது.

"அப்பா போயிட்டாருண்ணே."

அவன் கை தானாக விசையை இறக்கப் போனது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்காதீங்க. பெரியப்பா வந்து சொல்லிட்டாரு. ஊருக்குள்ள சாவுன்னு தெரிஞ்சா நடை சாத்தணுமாம், தீமிதி நின்னுடுமாம். எல்லாரும் பூ மிதிச்சு முடிக்கற வரைக்கும் அழுகைச் சத்தம் வாசல் தாண்டக்கூடாதாம்." மூச்சு வாங்கினாள். "அம்மா சரின்னுடுச்சு. ஆத்தா காரியம் தன்னால கெடக்கூடாதுன்னு முந்தானையை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மொகமெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்கு. நெஞ்சு வெடிச்சுடும் போல இருக்குண்ணே."

அஸார் அந்த வீட்டுப் பக்கம் பார்த்தான்.

"ஏத்துங்க" என்றாள். "அழட்டும். யாருக்கும் கேக்காம அழட்டும். ஒரு சத்தத்தை மறைக்கணும்னா அதுக்கு மேல பத்து டெசிபல் இருந்தாப் போதும். உங்களுக்குத் தெரியாதது இல்ல."

பத்து டெசிபலைக் குறைக்கச் சொல்லி ஊர் முன்னால் கைகட்டி நின்றவள், இப்போது பத்தைக் கூட்டச் சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உறக்கத்துக்கு இடம் கொடுக்காத ஊரில் அழுகைக்காவது ஒரு மறைவு வேண்டியிருந்தது. அவளுக்குச் செய்ய அவனிடம் மிச்சம் இருந்த உதவி அது ஒன்றுதான்.

அந்த விசையில் பூஜ்யத்துக்கு மேலேயும் பத்து வரைக்கும் இடம் உண்டு. ஆம்ப்ளிஃபையர் கருகிவிடும் என்று அத்தாவும் அவனும் ஒருநாளும் அங்கே தொட்டதில்லை. அஸார் அதை மேலே தள்ளினான், முட்டுகிற வரைக்கும். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்து, பிறகு அணையாமல் நின்று எரிந்தது. பாட்டு பிளந்துகொண்டு அலறியது. பூக்குழிக்குப் பக்கத்திலிருந்து நாட்டாமை திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்து கையை உயர்த்திக் காட்டினார். அவர் வாய் அசைந்ததை வைத்து, "இப்பத்தான் திருவிழா" என்று சொல்வது அஸாருக்குப் புரிந்தது.

பிரதீபா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூ மிதிக்கிறவர்கள் வாய்க்காலில் முழுகிவிட்டு, ஈர மஞ்சள் சேலையும் கையில் வேப்பிலையுமாகத் தெற்குத் தெரு வழியாக வரிசையில் வந்தார்கள். நாகம்மாள் நடுவில் வந்தாள். ரெங்கம்மாள் வீட்டு ஜன்னலுக்கு நேரே வந்தபோது அவள் தலை திரும்பியது. அவள் காதில் எதுவும் விழுந்திருக்க முடியாது. எதையோ பார்த்தாள். கால் நின்றது. பின்னால் வந்தவள் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். முன்னால் போனவள் திரும்பிக் கையை ஆட்டி அழைத்தாள். காப்போடு சாவு வீட்டில் மிதித்தால் வேண்டுதல் போயிற்று, பேரனுக்காகப் பட்டினி கிடந்ததெல்லாம் போயிற்று. நாகம்மாளுக்கு அது தெரியாதா என்ன.

அவள் வரிசையை விட்டு விலகினாள். வாசலில் நின்று, பல்லால் கடித்து மணிக்கட்டுக் காப்பை அறுத்தாள். அதைப் படியில் வைத்து, மேலே வேப்பிலைக் கொத்தையும் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள். தட்டுவது உள்ளே கேட்காது என்று உணர்ந்தவள் போல, தள்ளித் திறந்துகொண்டு போனாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

வரிசை அவளுக்காக நிற்கவில்லை. உள்ளே மூன்று பெண்கள் வாய்விட்டு அழுதிருப்பார்கள். ஆம்ப்ளிஃபையரிலிருந்து கருகல் வாடை வரத் தொடங்கியது. அஸார் விசையிலிருந்து கையை எடுக்கவில்லை.